புதுசுக்கு ஒரு விதி

அத்தியாயம் ஒன்பது

"அட்டையோட பிளாஸ்டிக் ஸ்லீவ் எல்லாம் சரி பார்த்தியா? ஓரம் மடங்கியிருந்தா அக்கா தூக்கி வெளிய போட்டுடுவா," என்று குளியலறைக்குள்ளிருந்து குரல் கொடுத்தான் கணவன்.

"அட்டையவா, என்னையவா?" என்று கேட்டாள் அவள்.

தண்ணீர் விழும் சத்தத்தில் அது அவன் காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் பதில் வந்திருக்காது. அக்காவைப் பற்றிய எந்தக் கேள்விக்கும் அந்த வீட்டில் பதில் கிடைப்பதில்லை என்பதைக் கல்யாணமான இந்த மூன்று மாதத்தில் அவள் தெரிந்துகொண்டிருந்தாள்.

அவள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். "மூச்சை இழுங்க, பிடிங்க, அசையாதீங்க" என்று நாள் முழுக்க அடுத்தவர்களுக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவள் முறையாகிவிடும். அப்படி ஒரு நாத்தனார்.

கணவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். அக்கா அவனைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். அப்பா அம்மா போன பிறகு தம்பியைப் படிக்க வைத்து, வேலையில் உட்கார்த்தி, பெண் பார்த்துக் கட்டி வைத்தவள். தனக்கென்று கல்யாணம் காட்சி எதையும் அவள் வைத்துக்கொள்ளவில்லை. மூன்று பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள்.

பெண் பார்க்க வந்தபோது, "அக்கா ஸ்டேஷனரி மாதிரி ஒரு கடை வெச்சிருக்கா," என்று சொன்னான். ஸ்டேஷனரி இல்லை. ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் அட்டைக்கடை. 'அரண்' என்று ஒரு விளையாட்டு. அதன் அட்டைகள் பாக்கெட்டில் வரும், பிரித்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். வந்ததைச் சேர்த்து, பிடிக்காததை இன்னொருவரிடம் மாற்றி, தனக்கென்று ஒரு டெக், அதாவது ஒரு கட்டு, சேர்த்துக்கொண்டு எதிராளியோடு மோத வேண்டும். சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டு முதல் முறை அந்த மாடி ஏறியவள், நரைத்த தாடிக்காரர்கள் இரண்டு பேர் ஒரு காகித டிராகனுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"வா புதுசு," என்றாள் நாத்தனார். கல்யாணத்துக்கும் புதுசு, ஆட்டத்துக்கும் புதுசு. பெயர் ஒட்டிக்கொண்டது.

சென்ற வாரம் நாத்தனார் அவளைக் கேட்காமலே ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்கு அவள் பெயரைப் பலகையில் எழுதிவிட்டாள் அல்லவா? அந்த ஞாயிறு இன்றுதான்.

அவளுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்ததும் நாத்தனார்தான். கல்யாணமான புதிதில் ஒரு நாள், சாப்பாட்டு மேஜையில் அட்டைகளைப் பரப்பினாள்.

"இது விறகு. உன் முறை வர்றப்பல்லாம் ஒண்ணு வைக்கலாம். அதைப் படுக்க வெச்சா எரியுதுன்னு அர்த்தம். விறகு எரிஞ்சாத்தான் உருவம் வரும். இந்தக் கரடிக்கு மூணு விறகு, கொக்குக்கு ஒண்ணு போதும். உன் கோட்டையில இருபது கல்லு, அவன் கோட்டையில இருபது. யார் கல்லு முதல்ல தீருதோ அவங்க காலி."

"உருவம் என்ன பண்ணும் அண்ணி?"

"அடிக்கும். இதை நல்லாக் கேட்டுக்கோ. உன்கிட்ட நிக்கிற உருவம் எல்லாம் ஒவ்வொரு முறையும் போய் அடிச்சே ஆகணும். ஒண்ணைக்கூட வீட்டுல நிறுத்தி வைக்கக் கூடாது. அதுதான் விதி."

பக்கத்தில் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தான் கணவன். கத்தி ஒரு கணம் நின்றது. பிறகு நறுக்கத் தொடங்கியது. அவள் கவனிக்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் சாப்பாடு முடிந்ததும் அவனோடு ஒரு ஆட்டம். தினமும் தோற்றாள். அவள் உருவங்கள் எல்லாம் அடிக்கப் போய்க் களைத்துப் படுத்திருக்கும். அவள் கோட்டை வாசல் திறந்து கிடக்கும். அவன் உள்ளே புகுந்து கல் கல்லாகப் பெயர்ப்பான். "போச்சா? போச்சா?" என்று கையைத் தேய்த்துக்கொண்டு சிரிப்பான். ஜெயித்த கையோடு பாத்திரம் கழுவித் தருவான். போர்வையை உதறிப் போடுவான். தலையைக் கோதிவிடுவான்.

தோற்றால் இவ்வளவு பிரியம் கிடைக்கிறதென்றால் தோற்றுவிட்டுப் போவோமே என்று அவளுக்கும் தோன்றிவிட்டிருந்தது.

கடையில் நீள மேஜைகள் போட்டிருந்தார்கள். கீழே ஓடும் ஜெராக்ஸ் மெஷினின் சூடு தரை வழியாக ஏறிக்கொண்டிருந்தது. புது பிளாஸ்டிக் வாசனை. பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பெண் என்று பார்த்தால் அவளும், பள்ளிக்கூடச் சிறுமி ஒருத்தியும், கல்லாவில் நாத்தனாரும்.

நாத்தனார் மேஜை மணியைத் தட்டினாள். "முதல் சுற்று. லிஃப்ட்டுக்கு எதிரா பாப்பா. மருந்துக்கடைக்கு எதிரா புதுசு." அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது.

மருந்துக்கடைக்காரர் பெரிய உடம்பு, சின்னக் குரல். கை குலுக்கிவிட்டு, அவள் டெக்கைக் கலைத்துத் திருப்பித் தந்தார்.

அவள் விறகு வைத்தாள், கொக்கை இறக்கினாள், அடித்தாள். கரடியை இறக்கினாள், எல்லாவற்றையும் அனுப்பி அடித்தாள். அவர் திறந்து கிடந்த கோட்டைக்குள் வந்து ஐந்து கல்லைப் பெயர்த்தார். மறுபடி எல்லாவற்றையும் அனுப்பினாள். மறுபடி ஆறு கல் போயிற்று.

மூன்றாவது தடவை அவர் மேஜையில் கையை வைத்தார்.

"ஒரு நிமிஷம்மா. தப்பா நெனைக்காதீங்க. எல்லாத்தையும் ஏன் அனுப்பிட்டே இருக்கீங்க? கரடிய காவலுக்கு நிறுத்தலாமே. நான் வந்தா அது தடுக்குமில்ல?"

"நிறுத்தக் கூடாதே? எல்லாம் அடிச்சே ஆகணுமே?"

"யாரு சொன்னா?"

"விதி."

"அப்படி ஒரு விதியே கிடையாதும்மா."

அவர் மெல்லத்தான் சொன்னார். ஆனால் பக்கத்து மேஜையில் ஒருவனுக்குக் கேட்டுவிட்டது. "டேய், இங்க கேளு! எல்லாம் அடிச்சே ஆகணுமாம்!" அந்த மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்கு, அங்கிருந்து மூலைக்கு என்று சிரிப்பு பரவியது. ஒருத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மருந்துக்கடைக்காரர் கூட உதட்டைக் கடித்துக்கொண்டுதான் அட்டையைப் பார்த்தார்.

"மூணு மாசமா இப்படியேவா ஆடினீங்க?" என்று கேட்டாள் பள்ளிக்கூடச் சிறுமி. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினாள். "யார் கூட ஆடினீங்க?"

சிரிப்பு சட்டென்று அடங்கியது. எல்லாருடைய கண்ணும் சிறுமிக்கு எதிரே உட்கார்ந்திருந்தவன் பக்கம் திரும்பியது.

கணவன் குனிந்து ஷூ லேஸைச் சரி செய்துகொண்டிருந்தான். அன்று அவன் போட்டிருந்தது செருப்பு.

நாத்தனாரும் சிரித்திருக்கவில்லை. கல்லாவில் உட்கார்ந்து ஒரு டப்பாவின் விலைச்சீட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

முதல் சுற்றில் அவள் தோற்றாள். கணவனும் தோற்றான். சுற்று முடிந்ததும் மாடிப்படித் திருப்பத்தில் அவனைப் பிடித்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"என்னது?"

"அப்படி விதியே இல்லைன்னு."

"ஏய், இதுக்குப் போயி... வெளையாட்டுதானே?"

"தெரியுமா, தெரியாதா?"

"அக்கா சொன்னா. புதுசா வர்றவங்களுக்கு இங்க எல்லாரும் ஏதாவது பண்ணுவாங்க. ராகிங் மாதிரி. அக்கா சொல்றப்ப நான் என்ன பண்ண முடியும்?"

"ஒரு நாள் சரி. ரெண்டு நாள் சரி. தெனமும் என் முன்னாடி உக்காந்து ஆடினீங்களே, அப்ப ஒரு தடவகூட வாய் வரலையா?"

அவன் கைப்பிடிச் சுவரில் ஒட்டியிருந்த தூசியைத் துடைத்தான். "நீயும்தான் ஜாலியா ஆடின," என்றான்.

அவளுக்கு அப்போது ஒன்று புரிந்தது. எலும்பில் விழுந்த கீறலைப் படத்தில் பார்ப்பதுபோல் தெளிவாகத் தெரிந்தது. இவன் அக்காவை ஒரு நாளும் ஜெயித்ததில்லை. இந்தக் கடையில் யாரையும் ஜெயித்ததில்லை. சற்று முன்புகூட ஒரு பள்ளிக்கூடச் சிறுமியிடம் தோற்றுவிட்டு வந்திருக்கிறான். இவனுக்கு ஜெயிப்பதற்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. கட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

மேலே மணி அடித்தது.

"ரெண்டாவது சுற்று. தோத்தவங்க தோத்தவங்களோட," என்றாள் நாத்தனார். பலகையைப் பார்க்காமலே படித்தாள். "லிஃப்ட்டுக்கு எதிரா புதுசு."

"அய்யோ," என்றார் யாரோ சந்தோஷமாக. நாற்காலிகள் நகர்ந்தன.

மேஜைக்கு வந்ததும் கணவன் குரலைத் தாழ்த்தினான். "வீட்டுல பேசிக்கலாம். இங்க சிரிச்ச மாதிரி இரு."

"அட்டையக் கலைச்சுக் குடு," என்றாள் அவள்.

குடுங்க இல்லை. குடு. கல்யாணமாகி முதல் தடவையாக. அவன் நிமிர்ந்து பார்த்தான். பின்னால் நின்ற மருந்துக்கடைக்காரரும் பார்த்தார்.

ஆட்டம் தொடங்கியது. அவள் கொக்கை இறக்கினாள், அனுப்பவில்லை. இன்னொரு கொக்கு. அதையும் அனுப்பவில்லை. கரடி வந்தது. வாசலில் நின்றது.

அவன் ஓநாயை அனுப்பினான். கரடி தடுத்தது. ஓநாய் செத்தது. இரண்டு ஓநாயை அனுப்பினான். ஒன்றைக் கரடி தின்றது, இன்னொன்றைக் கொக்குகள் இரண்டும் சேர்ந்து முடித்தன. மூன்று மாதமாகக் காவல் இல்லாத கோட்டையையே அடித்துப் பழகிய கை. வாசலில் ஒருத்தர் நின்றால் என்ன செய்வது என்பதே அவனுக்கு மறந்து போயிருந்தது.

"காவல் நிறுத்துறா பாரு," என்று பின்னால் ஒருவன் கிசுகிசுத்தான். "கத்துக்கிட்டா."

அவன் கை காலியானது. அவன் பக்கத்தில் உருவமே இல்லை. அதற்குப் பிறகுதான் அவள் அனுப்ப ஆரம்பித்தாள். கரடி மூன்று கல், ஒரு கொக்கு ஒரு கல், இன்னொரு கொக்கு காவலுக்கு. இருபது பதினாறானது, பன்னிரண்டானது, எட்டானது, நான்கானது.

அடுத்த அடியோடு எல்லாம் முடிந்துவிடும். கரடியும் கொக்குகளும் தயாராக நின்றன. எதிரே ஒன்றும் இல்லை. அவன் டெக்கைச் சேர்க்கக் கையை நீட்டினான்.

அவள் கரடியை மட்டும் அனுப்பினாள்.

"இன்னும் ஒரு கல்லு இருக்கு," என்றாள். "உன் முறை."

அவன் ஒரு அட்டை எடுத்தான். விறகு. அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

அவள் முறை. எதையும் அனுப்பவில்லை. "உன் முறை."

மறுபடி விறகு.

"உன் முறை."

கூட்டத்தில் முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. மருந்துக்கடைக்காரர் நகர்ந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். சிறுமி மட்டும் மேஜை விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"முடிச்சிடு," என்றான் அவன், பல்லிடுக்கில்.

"ஏன்? வெளையாட்டுதானே."

"எல்லாரும் பார்க்கிறாங்க."

"கொஞ்சம் முன்னாடி என்னையும் பார்த்தாங்க. உன் முறை, எடு."

அவன் எடுத்தான். ஒரு எலி வந்தது. ஒரே ஒரு எலி. அதை வாசலில் நிறுத்தினான். அவள் கரடியை அனுப்பினாள். அவன் எலியைக் குறுக்கே வைத்தான். எலி செத்தது. கொக்குகளை அவள் அனுப்பவே இல்லை. அந்த ஒரு கல்லை அவனுக்கு விட்டு வைத்தாள்.

"உன் முறை."

அவளுக்கு வயிற்றில் ஏதோ இனித்தது. 'போச்சா? போச்சா?' என்று கையைத் தேய்ப்பானே, அப்போது அவனுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

தோற்றேன் என்று ஒப்புக்கொள்கிறவர் கையை நீட்ட வேண்டும். கடைசியில் கையை நீட்டினான். உள்ளங்கை ஈரமாக இருந்தது.

"நல்லா ஆடின," என்றான். அவன் சிரித்தது அவளுக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாவது சுற்றில் தாடிக்காரர் ஒருவரிடம் அவள் சட்டென்று தோற்றுப் போனாள். அதை யாரும் கவனிக்கவில்லை, அவளும் கவனிக்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் நாத்தனார் கல்லாவிலிருந்து கூப்பிட்டாள். கணவன் கதவருகே இரண்டு ஹெல்மெட்டையும் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"அடுத்த மாசம் வெளியூர்ப் போட்டிக்கு மூணு பேர் டீமா போறோம்," என்றாள் நாத்தனார். "நானு, மருந்துக்கடை. மூணாவது ஆளா நீ வா."

கதவருகே ஹெல்மெட் ஒன்றோடொன்று இடித்தது.

"அக்கா, அது என் இடம்," என்றான் அவன். கல்யாணத்துக்கே இரண்டு நாள்தான் லீவு போட்டவன், அந்தப் போட்டிக்கு ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்திருந்தான்.

"உன் இடமா இருந்துச்சு," என்றாள் நாத்தனார், அவன் பக்கம் திரும்பாமலே. "நாலு வருஷமா சொல்லிக் குடுக்கிறேன், உன் மண்டையில ஏறல. இவளுக்கு ஒரு காலைல ஏறிடுச்சு. ஆட்டத்துல இரக்கம் பார்க்காத ஆள்தான் எனக்கு வேணும்."

"அந்த விதிய ஏன் அண்ணி அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டாள் அவள்.

நாத்தனார் முதல் தடவையாகச் சிரித்தாள். "எனக்கு இது கடைம்மா. புதுசா வர்றவங்கள ஓட விட்டா எனக்கு என்ன கிடைக்கும்? அந்த விதி என் மூளையில வந்ததுன்னா நெனைக்கிற?" டப்பாவை மூடினாள். "நீ வீட்டுக்கு வந்த முதல் வாரம் இவன்தான் என்கிட்ட வந்து நின்னான். 'அவளுக்கு முழுசா சொல்லிக் குடுத்துடாதக்கா'ன்னான். பாவமா இருந்துச்சு. சரின்னுட்டேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். 'பொய்' என்று ஒரு வார்த்தை அவன் சொல்லியிருந்தால் போதும், நம்பியிருப்பாள். அவன் ஹெல்மெட்டின் கண்ணாடியை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான்.

"வரேன் அண்ணி," என்றாள் அவள். "மூணாவது ஆளா நான் வரேன்."

அவன் ஒரு ஹெல்மெட்டை மேஜை மேல் வைத்துவிட்டுப் படி இறங்கிப் போனான். கீழே வண்டி உறுமிக் கிளம்பியது.

பஸ் பிடித்து அவள் வீடு வந்து சேர்ந்தபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. கதவு ஒருக்களித்திருந்தது. பால்கனியில் அவன் குரல் கேட்டது. இப்படிப் பணிவாக அவன் பேசி அவள் கேட்டதே இல்லை.

"இல்ல அத்தை, நான் ஒரு வார்த்தை கேக்கல... காலைல போனவதான், இன்னும் வரல... பொம்பளைங்க அவ்வளவா இல்ல அத்தை, முக்காவாசி ஆம்பளைங்கதான்... அடுத்த மாசம் வெளியூருக்கு வேற போறாளாம்... என்னன்னு சொல்றது அத்தை, சீட்டுதான்."

அவள் பையைத் தரையில் வைத்தாள்.

அவன் சொன்னதில் பொய் என்று எதையும் பிரித்துச் சொல்ல முடியாது. அரண் என்றோ அட்டை என்றோ அவன் சொல்லவில்லை. சீட்டு என்றான். அவ்வளவுதான்.

காசு வைத்து ஆடும் அந்தச் சீட்டில்தான் அவள் அப்பாவுக்கு எல்லாம் போனது. முதலில் கடை, பிறகு வீடு, கடைசியில் அம்மாவின் காதிலிருந்த தோடு. அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அம்மா வீட்டில் அந்த வார்த்தையை யாரும் உச்சரிப்பதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள், தோழிகளிடம்கூடச் சொல்லாத அந்தக் கதையை அவள் அவனிடம் சொல்லியிருந்தாள். அன்று அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இதை நான் யார்கிட்டயும் பேச மாட்டேன்," என்று சொன்னான்.

அவன் திரும்பினான். அவளைப் பார்த்ததும் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "இதோ வந்துட்டா அத்தை, குடுக்கிறேன்."

போனை நீட்டினான். "உங்கம்மா பேசணுமாம்."

அவள் வாங்கினாள். "அம்மா, அது அந்தச் சீட்டு இல்லம்மா, இது வேற. சின்னப் பிள்ளைங்ககூட ஆடுற..."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க," என்றாள் அம்மா. அழுகை இல்லை. அழுதிருந்தால் பரவாயில்லை. அப்பா வாசலில் செருப்பைக் கழற்றும்போது கதவைத் திறந்துகொண்டு கேட்பாளே, அந்தக் குரல். "மறைக்காம சொல்லு. இன்னிக்கு ஜெயிச்சியா, தோத்தியா?"

அவள் கணவனைப் பார்த்தாள்.

அவன் பால்கனி விளக்கைப் போட்டான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று கேட்பதற்கு வசதியாக, எதிரே உட்கார்ந்தான்.